1163-ன் காய்கள்

ஆயிரத்து நூற்று அறுபத்து மூன்று என்று போனில் கேட்டதும் எல்வீரா மொன்டான்யோ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் ஒரு மனிதர் பிழைத்திருப்பார். சொன்னது தப்பு என்று தெரியவரவே அவளுக்கு இரண்டு நாள் ஆயிற்று.

செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி, லேபிள் போட்டு, இரும்பு அலமாரிகளில் அடுக்கிவைக்கும் அந்தக் கல்லூரி ஹெர்பேரியத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பதிவு எழுதுகிறவள் அவள். செவ்வாய்தோறும் எட்டரைக்கே வந்து பசை டப்பாவைத் திறந்துவிடும் வெண்டல் ஹூபர் அன்று வரவில்லை. வயது எழுபத்திரண்டு. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு அவருக்குப் பாலைவனச் செடிகள்தான் துணை. அங்கே செய்வது சம்பளமில்லாத வேலை, ஆனால் சம்பளம் வாங்குகிற எல்லாரையும் சேர்த்தாலும் அவர் பேசுகிற அளவுக்குப் பேசமாட்டார்கள்.

போனில் ஒரு பெண் குரல். "நான் லொரீன். வெண்டல் ஹூபரோட பொண்ணு. அப்பா அங்க வந்திருக்காரா?"

"இல்லையேம்மா. ஆளைக் காணோம்னு நானே திட்டிக்கிட்டிருந்தேன்."

"ஞாயித்துக்கிழமையிலிருந்து போனை எடுக்கல. நான் ஃபீனிக்ஸ்லேருந்து இப்பதான் வந்து வீட்டைத் திறந்து பாத்தேன். ட்ரக் இல்ல. ஃப்ரிட்ஜ்ல ஒரு சீட்டு. 'ஞாயிறு. 1163-ன் காய் பறிக்கப் போகிறேன். சாயங்காலம் வந்துவிடுவேன்.' அம்மா இருந்தப்போ அப்படி எழுதி வெச்சுட்டுப் போவாரு. இன்னும் விடல. ஷெரிஃப் ஆபீஸ்ல கேட்டா, ரோடு நம்பரா, வீட்டு நம்பரான்னு என்னையே திருப்பிக் கேக்கறாங்க. உங்களுக்கு ஏதாவது புரியுதா?"

எல்வீராவுக்குப் புரிந்தது. செடி சேகரிக்கிறவர்கள் தங்கள் முதல் செடிக்கு ஒன்று என்று எண் போடுவார்கள். அடுத்ததற்கு இரண்டு. இப்படியே சாகும்வரை வரிசை அறுபடாமல் போகும். அந்த எண்ணை நோட்டிலும் எழுதுவார்கள், செடியை மடித்துவைக்கும் செய்தித்தாளின் ஓரத்திலும் எழுதுவார்கள். ஷெரிஃப் ஆபீஸ்காரர்களுக்கு அது எப்படித் தெரியும்?

"அது செடி நம்பர்மா. லூப்பின் செடி. எந்த இடம்னு எனக்குத் தெரியும். பயப்படாத, போனை வெச்சிடாம இரு."

அந்த வருஷம் பதினோரு வருஷம் கழித்து நல்ல மழை. பிப்ரவரியிலிருந்தே சாலையோரமெல்லாம் லூப்பின் நீலமாகப் பூத்துக் கிடந்தது. வெண்டலுக்கு அதிலேதான் பைத்தியம். 1931-இல் எஸ்தர் மாடக் என்ற அம்மாள் கிழக்கே ப்ரியட்டோ மலையில் பறித்த லூப்பின் ஒன்று அலமாரியில் இருந்தது. அவருடைய 1163-ஆம் எண். அது சாதாரண லூப்பின் இல்லை, அபூர்வமான வேறொன்று என்று வெண்டல் இரண்டு மாதமாக அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். தாளில் இருந்ததோ நிறம் போன பூ மட்டும். காயில்லாமல் இன்னது என்று முடிவாகச் சொல்ல முடியாது.

போன செவ்வாய்க்கிழமைகூட அந்தச் சண்டைதான்.

"வாத்தியாரே, பூவைப் பாத்து ஜோசியம் சொல்லாதீங்க. காயைக் கொண்டாந்து போடுங்க, அப்பறம் பேசலாம்" என்றாள் எல்வீரா.

"கொண்டாரேன் மகாராணி. கொண்டாந்து உங்க மேஜையிலேயே கொட்டறேன். அன்னிக்கு மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறீங்கன்னு பாக்கறேன்."

"காய் கொண்டுவர்ற மூஞ்சியப் பாரு. முதல்ல தொப்பிய மறக்காம எடுத்துட்டுப் போங்க."

எனவே சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஆனாலும் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள். லூப்பின், எண் 1163. வந்தது ஒரே ஒரு பதிவுதான், மாடக் அம்மாளுடையது. ப்ரியட்டோ மலை, தெற்குச் சரிவு, கைவிடப்பட்ட கிணற்றுக்கு அரை மைல் மேலே. ஷெரிஃப் ஆபீஸிலிருந்து பேசிய ரென்டெரீயா என்ற அதிகாரிக்கு இடத்தை எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டினாள்.

"மேடம், ஒரு நம்பரை வெச்சு இடத்தையே புடிச்சிட்டீங்களே! எங்க ஆபீஸ்ல உங்கள மாதிரி ஒருத்தர் இருந்தா எவ்வளவு நல்லாருக்கும்" என்றார் அவர்.

எல்வீராவுக்குப் பெருமையாக இருந்தது. பொய் சொல்லக்கூடாது, உள்ளுக்குள் குளிர்ந்துதான் போனாள். மதியம் டார்ட்டியா ரொட்டியில் பீன்ஸ் சுற்றித் தின்றபோது, வெண்டல் வந்தால் எப்படியெல்லாம் கிண்டல் பண்ணுவது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். என் உயிரைக் காப்பாத்திய மகாராணி என்று இனிமேல் முழுப்பெயரும் சொல்லித்தான் கூப்பிடணும் என்று சொல்லவேண்டும்.

அன்றைக்கு வெயில் நூற்றி நாலு. ஏப்ரல் மாதத்துக்கு அது அநியாயம். ப்ரியட்டோ மலைக்கு எட்டு பேர் போனார்கள், இரண்டு நாய்கள் போயின. இருட்டும்வரை ட்ரக் கண்ணில் படவில்லை. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் பாதை இருக்கிறது, அங்கே நிறுத்தியிருப்பார் என்றார்கள். புதன்கிழமை ஹெலிகாப்டரும் குதிரைக்காரர்களும் வந்தார்கள். வெயில் நூற்றி ஏழுக்குப் போயிற்று. லொரீன் அந்தக் கிணற்றடியிலேயே காரில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்வீராவுக்குப் போன் பண்ணி, இடம் அதுதானே, இடம் அதுதானே என்று கேட்டாள்.

"அதேதான்மா. சந்தேகமே இல்ல" என்று எல்வீரா ஐந்து தடவை சொன்னாள். எத்தனை தடவை என்று பிற்பாடு எண்ணிப் பார்த்தாள், அதனால் தெரியும்.

வியாழக்கிழமை காலையில் அவளுக்கு எந்த வேலையும் ஓடவில்லை. மேஜைக்கு அடியில் ஒரு கட்டு கிடந்தது. வெண்டலின் பழைய செடிகள், இன்னும் பதிவில் ஏறாதவை. வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்துப் பதினான்கு மாதம் ஆகிவிட்டது. பேராசிரியர்கள், மாணவர்கள் செடி முதலில், மற்றக் கல்லூரிகளிலிருந்து வந்தவை அடுத்து, சும்மா வந்து வேலை செய்கிறவர்களுடையது கடைசி. அப்படி ஒரு சட்டத்தை யாரும் எழுதிவைக்கவில்லை. எல்வீராதான் போட்டுக்கொண்டாள். அவர் மாதம் ஒருமுறை கேட்பார், இவள் ஆகட்டும் ஆகட்டும் என்பாள். இன்றைக்கு இதைத் தொடங்கிவிட்டால் மனிதர் திரும்பி வந்ததும் சந்தோஷப்படுவார் என்று கட்டை அவிழ்த்தாள்.

மூன்றாவது மடிப்பில் லூப்பின். செய்தித்தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: வெ. ஹூபர் 1163. சலாடோ ஓடை, மேற்குக் கிளை. டோரிஸுடன். 14-iii-1998.

டோரிஸ் அவருடைய மனைவி. சலாடோ ஓடை மேற்கே மெக்சிகோ எல்லையை ஒட்டி இருக்கிறது. ப்ரியட்டோ மலையிலிருந்து நூற்றுப் பத்து மைல்.

அப்போதுதான் அவர் ஒருநாள் சொன்னது காதில் விழுந்தது. அன்றைக்கே சொன்னதுதான், அன்றைக்கு விழவில்லை. "தெரியுமா மகாராணி, அந்த மாடக் அம்மாவுக்கும் 1163 லூப்பின், எனக்கும் 1163 லூப்பின். ரெண்டும் ஒரே ஜாதிதான். அம்பது வருஷம் முன்னாடியே பொறந்திருந்தா அந்தம்மாவத்தான் கட்டியிருப்பேன்." தட்டச்சு செய்துகொண்டே இவள் "ம்" என்றிருந்தாள்.

அது மட்டுமா? இந்தத் தொழிலில் புதிதாகச் சேர்ந்தவருக்குக்கூடத் தெரிந்த ஒன்று உண்டு. பிறர் செடியைச் சொல்லும்போது பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள், மாடக் 1163 என்று. பெயரில்லாமல் வெறும் எண்ணைச் சொன்னால் அது தன்னுடையது. ஃப்ரிட்ஜில் இருந்த சீட்டில் வெறும் 1163 என்றுதான் இருந்தது. இருபத்திரண்டு வருஷ அனுபவக்காரிக்கு அது உறைக்கவில்லை. கம்ப்யூட்டர் ஒரே பதிவைக் காட்டியது ஏனென்றால், இன்னொன்றை அவள் காலடியில் போட்டு வைத்திருந்தாள்.

இரண்டு தடவை தப்பு நம்பரை அழுத்தி, மூன்றாவது தடவை ரென்டெரீயா கிடைத்தார்.

"இன்னொரு 1163-ஆ? என்ன மேடம் சொல்றீங்க? நம்பர்னா ஒண்ணுதான இருக்கும்?"

"ஆளாளுக்கு ஒண்ணு இருக்கும் சார். தப்பு பண்ணிட்டேன். தயவுசெஞ்சு ஹெலிகாப்டரை அந்தப் பக்கம் திருப்புங்க. தயவுசெஞ்சு."

மதியம் இரண்டே முக்காலுக்குக் கண்டுபிடித்தார்கள். மண்பாதை முடிகிற இடத்தில் ட்ரக் நின்றது, மேலேயிருந்து பார்த்ததுமே தெரிந்ததாம். அங்கிருந்து அரைமைல் தொலைவில், ஓடைக்கரையில், ஒரு கருவேல மரத்தடியில் வெண்டல் கிடந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்திருந்தது. தண்ணீர் பாட்டில் மூன்றும் காலி. தொப்பி போட்டிருந்தார்.

அடக்கம் முடிந்த மறுவாரம் லொரீன் ஹெர்பேரியத்துக்கு வந்தாள். நாற்பது வயதுப் பெண், அப்பாவின் நீண்ட முகம். செடிகளை வைத்து இறுக்கும் மரப்பலகையையும், துணி அட்டை போட்ட சின்ன நோட்டையும் மேஜையில் வைத்தாள்.

"இது அவர் பக்கத்துலயே இருந்துச்சாம். ஷெரிஃப் ஆபீஸ்ல குடுத்துட்டாங்க. அவங்க புரட்டிப் பாத்துட்டு ஒண்ணும் புரியலன்னுட்டாங்க. வெறும் நம்பரும் லத்தீனுமா இருக்கு."

எல்வீரா தொடவில்லை. "லொரீன், அந்த இடத்த நான்தான் தப்பா சொன்னேன்" என்று ஆரம்பித்தாள்.

"அதப் பத்தித்தான் நானும் சொல்லணும்னு வந்தேன்" என்று லொரீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதைத் தூக்கி மனசுல வெச்சுக்காதீங்க. டாக்டர் சொன்னாரு, இந்த வெயில்ல சரியா நாள் சொல்ல முடியாது, ஆனா விழுந்த ஞாயித்துக்கிழமையே முடிஞ்சிருக்கும்னு. ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கமாட்டாருன்னு. நான் உங்களுக்குப் போன் பண்ணினதே செவ்வாய்க்கிழமை. நீங்க எந்த எடத்தச் சொல்லியிருந்தாலும் ஒண்ணுதான்."

எல்வீராவுக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த ஆறுதல் ஒரு நிமிஷம் இருந்தது.

"அவர் எழுத்து உங்களுக்குத்தான் புரியும். கடைசியா என்ன எழுதியிருக்காருன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன். எனக்கு அது மட்டும் தெரிஞ்சா போதும்" என்றாள் லொரீன்.

எல்வீரா நோட்டைத் திறந்தாள். கடைசி இரண்டு பக்கம். ஷெரிஃப் ஆபீஸ்காரர்களுக்குப் புரியாததில் வியப்பில்லை. மங்கிய பென்சில் கிறுக்கல், எண்களுக்கு நடுவே எண்கள், அதிலே தேதியைச் செடிக்காரர்கள் வழக்கப்படி மாதத்தை ரோமன் எண்ணாகப் போட்டு எழுதியிருந்தார். அவளுக்கு ஒரு பார்வை போதுமாக இருந்தது.

3318. லூப்பின். காய்களுடன். ஓடை மணல். 19-iv.

3319. க்ரியசோட் புதர். பாறை சரிந்து விழுந்தேன், கால் போய்விட்டது. கைக்கு எட்டியதைப் பறிக்கிறேன். 19-iv.

3320. ஏதோ புல், காய்ந்தது. மரத்தடிக்குத் தவழ்ந்து வரக் காலை முழுதும் ஆயிற்று. 20-iv.

3321. லூப்பின். வெள்ளைப் பூ, ஒரே ஒரு செடி. வெள்ளையில் இதுவரை பார்த்ததில்லை. எ.வுக்கு நம்பர் தெரியும். இன்று வந்துவிடுவார்கள். 21-iv.

3322. கருவேல இலை. அதே இடம். 22-iv.

கடைசி வரி கோணிக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. 22 புதன்கிழமை. எல்வீரா ப்ரியட்டோ மலையை எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டியது 21-ஆம் தேதி காலை பத்து மணிக்கு.

"என்ன எழுதியிருக்காரு?" என்றாள் லொரீன்.

"காய் கெடைச்சிருச்சு. அதை எழுதியிருக்காரு."

"அப்பறம்?"

"அப்பறம் பக்கத்துல இருந்த நாலு செடி. ஒரு வெள்ளைப் பூ லூப்பின் கெடைச்சிருக்கு. அதுல ரொம்ப சந்தோஷம் அவருக்கு."

"எல்லாம் ஞாயித்துக்கிழமையா?"

அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்ன சொல்ல முடியும்? அவளுக்காகத்தான் சொன்னேன் என்று எல்வீரா அப்புறம் பல நாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி தன்னைக் காப்பாற்றிக்கொண்டது. எந்தப் பாதி பெரியது என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"எல்லாம் ஞாயித்துக்கிழமைதான்" என்றாள்.

லொரீன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து கொஞ்சநேரம் அழுதாள், பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "கால் ஒடிஞ்ச பிறகும் செடி பறிச்சிருக்காரு, கெழவர். இதெல்லாத்தையும் இங்கயே வெச்சுக்கோங்க. அவர் பேர் போட்டு, நோட்டையும். அவருக்கு இதுதான் வேணும்." போகும்போது எல்வீராவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

பலகையை அவிழ்த்து எல்வீரா முதலில் பார்த்தது காய்களை. மயிர் அடர்ந்த, பட்டையான காய்கள், ஒவ்வொன்றிலும் நாலைந்து விதை. லென்ஸ் வைத்துப் பார்த்தாள், புத்தகத்தை வைத்துப் பார்த்தாள். அபூர்வமும் இல்லை ஒன்றும் இல்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் கழுதை மேய்கிற அதே லூப்பின். இரண்டு மாதச் சண்டையில் அவள் சொன்னதுதான் சரி. அதைச் சொல்லி வம்பிழுக்கத்தான் ஆள் இல்லை.

ஐந்து செடிகளையும் அவளே ஒட்டினாள். வரிசையைத் தாண்டி, பேராசிரியர்கள் செடிக்கெல்லாம் முன்னால், பதிவு போட உட்கார்ந்தாள். ஹெர்பேரியத்தின் தலைவர் டாக்டர் பெக் பின்னால் வந்து நின்று திரையைப் படித்தார். நல்ல மனிதர், எதையும் இரண்டாவது தடவை சொல்லமாட்டார்.

"எல்வீரா, தேதியெல்லாம் அப்படியே போட்டே ஆகணுமா? அந்தக் குறிப்பு வரியை விட்டுட்டாக்கூட யாரும் கேக்கப்போறதில்ல."

"நோட்டுல இருக்கறது இருக்கறபடி. எழுத்துப் பிழையக்கூடத் திருத்தக் கூடாது. நான் சேர்ந்த அன்னிக்கு நீங்க சொன்னது சார்."

"சொன்னேன்" என்றுவிட்டு அவர் போய்விட்டார்.

அவள் எல்லாவற்றையும் போட்டாள். பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. குறிப்பு வரிகளை எழுத்து மாறாமல் போட்டாள். சேமித்த மறுநிமிஷம் அது உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கிற இடத்துக்குப் போய்விடும், அதுவும் அவளுக்குத் தெரியும். இதை நேர்மை என்று சொல்லலாம். நேரில் வாய்திறக்கத் துணிவில்லாதவள் கம்ப்யூட்டரிடம் போய்ச் சொன்னாள் என்றும் சொல்லலாம். அன்று சாயங்காலம் லொரீனுக்குப் போன் பண்ணியே தீருவது என்று முடிவு செய்தாள். மறுநாள் பண்ணிக்கொள்ளலாம் என்று விட்டாள். மே போயிற்று, ஜூன் போயிற்று. ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் லொரீன்தானோ என்றே எடுப்பாள். வேறு யாராவது இருப்பார்கள்.

செப்டம்பர் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, அலமாரிகளுக்குப் பூச்சி மருந்து வைத்துக்கொண்டிருந்தபோது அடித்தது.

"லொரீன் பேசறேன்."

"சொல்லும்மா."

"நேத்து அப்பா பொறந்த நாள். சும்மா அவர் பேரைப் போட்டுத் தேடினேன். அவரோட செடியெல்லாம் வந்துச்சு. படத்தோட. கடைசி செடிக்கு ஏப்ரல் இருபத்திரண்டுன்னு போட்டிருக்கு. அது புதன்கிழமை. காலண்டர்ல பாத்தேன்."

"ஆமா."

"நீங்க ஞாயித்துக்கிழமைன்னு சொன்னீங்க."

"ஆமா, சொன்னேன்."

"தட்டச்சுல தப்பா?"

அவள் குரலில் இருந்த கெஞ்சல் எல்வீராவுக்குப் புரிந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பெண் நம்பிவிடுவாள். நம்பத்தான் போன் பண்ணியிருக்கிறாள்.

"இல்லம்மா. தப்பு இல்ல."

"நான் அந்தக் கெணத்தடியில ரெண்டு நாள் உக்காந்திருந்தேன்" என்றாள் லொரீன். "அப்போ உசுரோட இருந்திருக்காரு."

"இருந்தாரு."

"செவ்வாய்க்கிழமை எழுதினதுல ஒரு வரி இருக்கு. 'எ.வுக்கு நம்பர் தெரியும். இன்று வந்துவிடுவார்கள்.'" அவள் அதைக் குழந்தை பாடம் படிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். "யாரு அந்த எ.?"

எல்வீரா மருந்து டப்பாவைக் கீழே வைத்தாள்.

"நான்தான்."